துட்டி வீட்டுச் சால்னா

பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, நானும் வீட்டுக்காரரும் கோவில்பட்டி பைபாஸ் ஓரத்து ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். புரோட்டாவில் சால்னாவை ஊற்றியதும் எழுந்த வாசனை, என்னை நேரே சாவு வீட்டுக்குக் கொண்டுபோனது.

சின்ன வயதில் எங்களுக்கு மாதம் ஒரு சாவு வந்துவிடும். "துட்டி கேட்டுட்டு வாரோம். அங்கன பிள்ளைய வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அம்மா நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு அப்பாவோடு கிளம்புவாள். திரும்பியதும், "தொடாதீய, தீட்டு!" என்று எங்களை விலக்கிவிட்டு இருவரும் கொல்லைக்குப் போய்த் தலைக்குக் குளிப்பார்கள். கடந்துபோகையில் இதே வாசனை அடிக்கும். சாவு வீடு இப்படித்தான் மணக்கும் என்று நானும் தம்பியும் வெகுகாலம் நம்பினோம்.

ஒரு நாள் கடம்பூர்ப் பெரியப்பா போளிப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார். போன மாதத் துட்டிக்கு அப்பா அவரைத்தான் சாகடித்திருந்தார். தம்பி அலறிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தான்.

"பெரியப்பா, நீங்க செத்துட்டீயள்லா?" என்று கேட்டேன்.

அப்பா மும்முரமாகப் போளிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஓட்டல் மேசையில் என் போன் அடித்தது. அம்மாதான்.

"நீங்க எங்கன போயிருக்கீயன்னு பிள்ளைய கேக்குதுவ. என்னட்டி சொல்ல?"

"கடம்பூர்ப் பெரியப்பா செத்துட்டாவன்னு சொல்லும்மா."



"அவிய இன்னும் எத்தன தடவட்டி சாவாவ?" என்ற அம்மா, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரி, துட்டி வீட்ல இருந்து எனக்கும் ரெண்டு புரோட்டா கட்டிட்டு வா. சால்னா கூட ஊத்தச் சொல்லு."