ஞானப்பிரகாசம் அண்ணையின் கடைசி நிரல்

காலை இடைவேளையின்போது தொழிற்சாலை மேற்பார்வையாளர் என்னிடம் வந்து, "உங்கள் பேஸ்போல் மனிதர் இறந்துவிட்டாராம்" என்றார். பெயரை உச்சரிக்க அவர் முயலவில்லை. ஞானப்பிரகாசம் அண்ணையை உயிரோடு இருக்கையில் எள்ளி நகைத்த நம்மவர் பலர், இங்கே டென்மார்க்கில், பிரெடெரிசியாத் தேவாலயத்துப் பூசையில் கண்ணீர் விட்டனர். அவர்களும் இதனை வாசிக்கட்டும்.

மன்னாரில் பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டங்களுக்குப் புள்ளி குறித்தவர் அவர். எண்பத்து மூன்றின் கலவரத்துக்குப் பின் அகதியாக வந்தவருக்கு, இந்நகர நூலகத்தில் அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்போலின் தொடக்ககாலப் பதிவேடு ஒன்று அகப்பட்டது. கையுறை அணியாத காலம் அது. தடுப்பாளர்கள் தவறவிட்ட பந்துகள் ஏராளம். ஆயினும் தோல்வி முழுவதும் பந்தெறிந்தவர் பெயரிலேயே நின்றது. நூலகத்தார் தருவித்த பழைய பத்திரிகைப் பிரதிகளைக் கொண்டு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அட்டவணை அமைத்து, அதன் ஓரத்தில் 'தடுப்பாளர் பிழை' என்றொரு கடைசி நிரலை அண்ணை வரைந்தார்.

"என்ன அண்ணை, செத்த வெள்ளைக்காரன்ரை தோல்வியைக் குறைச்சால் உங்களுக்கு விசா தருவாங்களோ?" என்று உணவறையில் ஒருவர் கேட்டார்.

"செத்தவன் எழும்பி வந்து கதைக்க மாட்டான் தானே. அதான் நான் கதைக்கிறன். நீர் உம்மடை பாணைத் தின்னும்."

உள்ளூர்ப் பேஸ்போல் கழகத்தின் செயலாளர் அவ்வட்டவணைகளைத் தம் இதழில் வெளியிட விரும்பினார். அண்ணை தயங்கினார். "குடுங்கோ அண்ணை, முன்னுரையை நான் எழுதுறன்" என்றவள் நானே. பத்திரிகைகளை வாசித்தே டேனிஷ் கற்றவள் நான்; வேகமாகப் பேசினால் பிடிபடாது. அச்சாவதற்கு முன் செயலாளர் தொலைபேசியில் விரைந்து ஏதோ கேட்டார். பக்கம், இடம் என்ற இரண்டு சொற்களே விளங்கின. மறுமுறை சொல்லும்படி கேட்பது எனக்கு இழுக்காகப்பட்டது. "யா, யா" என்று ஆமோதித்தேன்.

இதழ் வந்தது. அண்ணையின் பெயர் சரியாகவே இருந்தது. கடைசி நிரல் இல்லை. இரண்டு குளிர்கால உழைப்பு, பழைய பதிவேட்டின் நகலாக முடிந்திருந்தது.

"கேக்காமலே வெட்டிப்போட்டான், தங்கச்சி. இப்ப என்ரை பேராலையும் அந்தப் பந்தெறிஞ்சவங்களைக் குற்றவாளியாக்கிப் போட்டான்" என்றார். நான் அந்த இதழை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அவர் நோயுற்றபோது செயலாளர் பூங்கொத்துடன் மருத்துவமனைக்கு வந்தார். அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். செயலாளர் என்னை நோக்கி, ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி டேனிஷில் மெதுவாக, "நீங்கள் சம்மதித்தீர்களே" என்றார்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"கெதியாச் சுகம் வரவேணுமாம்" என்றேன்.

அவர் போனபின், தலையணைக்கு அடியிலிருந்த, அந்த நிரல்களை வரைந்த கணக்குக் கொப்பியை அண்ணை என் கையில் வைத்தார். "நீ வைச்சிரு. பிழை விடாத ஆள் நீ ஒருத்திதான்."

அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது. 'பிழை விடாத ஆள்' என்ற அந்தச் சொல்லும் இருக்கிறது, அது எனக்குரியதன்று. திருப்பிக் கொடுக்க இனி அவர் இல்லை.