மகன் என்ற சொல்லுக்கு முன்னால்

மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சினிமா நடிகை குடியிருந்தார். ஆபீசில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவருக்குத் தமிழ் வசனம் சொல்லிக்கொடுத்தவன் நான். இதை எழுதும்போதும் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

அவர் செட்டிக் கம்பத்துப் பெண்; கம்பம் என்றால் இங்கே குடியிருப்பு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மலாக்கா செட்டிகள் வட்டிக்கடைச் செட்டியார்கள் அல்லர். எத்தனையோ தலைமுறைக்கு முன் கப்பலேறி வணிகம் செய்ய வந்த தமிழர்கள், இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வம்சம் இது. மாரியம்மனைக் கும்பிடுவார்கள், பொங்கல் வைப்பார்கள், முன்னோருக்குப் படைப்பார்கள். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். மாமா, மாமி, தம்பி என்று சில சொற்கள்தாம் தமிழில் மிச்சம். நாங்களோ தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த கூட்டம். என் அப்பா நகரசபையில் கால்வாய் வெட்டினார். சாமி ஒன்றுதான். ஆனாலும் கோயிலில் அவர்கள் ஒரு பக்கம் நிற்பார்கள், நாங்கள் ஒரு பக்கம். "பொட்டு வச்ச மலாய்க்காரங்க" என்று எங்கள் ஆட்கள் காதுபடவே பேசுவதுண்டு.

அந்த நடிகையை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே பங்சாவான் கூட்டத்தில் சேர்ந்தவர். ஊர் ஊராகப் போய் ஆடுகிற மலாய் நாடகம் அது. ராஜா ராணிக் கதை, நடுநடுவே பாட்டும் ஆட்டமும். முதலில் திரை மாற்றுகிற நேரத்தில் பாடுகிற பெண்ணாக இருந்தார். பிறகு தோழி. பிறகு இளவரசி. லாரியிலும் கப்பலிலுமாகப் பினாங்கு, மேடான் வரைக்கும் போயிருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தில் கூட்டம் கலைந்துபோய், மரவள்ளி நட்டுப் பிழைத்தார். சண்டை முடிந்து சிங்கப்பூரில் மலாய்ப் படங்கள் எடுக்க ஆரம்பித்ததும் அங்கே போனார். கதாநாயகிக்கு அக்கா, கொடுமைக்காரச் சின்னம்மா, கடைசியில் அழுகிற தாயார். அவர் நடித்த படம் பட்டணத்துக் கொட்டகைக்கு வந்தால், அவர் முகம் திரையில் தெரிந்தவுடன் "அதோ, நம்ம காஜா பெராங்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். கேட்கிற எனக்கு அப்போதே ஒரு பெருமை. அவர் எனக்கு ஒன்றும் உறவில்லை. ஒரே தண்ணீர்க் குழாயில் எங்கள் அம்மாவும் அவரும் வாளி வைப்பார்கள், அவ்வளவுதான்.

மெர்டேக்கா வந்த ஆண்டில் அவர் ஊரில் இருந்தார். தாயாருக்கு உடம்பு முடியாமல் திரும்பி வந்தவர். அந்தச் சமயத்தில்தான் எங்கள் நாடகக் குழு, சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு ஒரு தமிழ் நாடகம் போடக் கிளம்பியது. எழுதியவர் குழுத் தலைவர், மசாலைக்கடை வைத்திருந்தார். கதை ஓர் அரசியைப் பற்றியது. அவள் பெற்ற மகனே எதிரியோடு சேர்ந்துகொள்கிறான். பிறகு அடிபட்டு ஓடிவந்து கோட்டைக் கதவைத் தட்டுகிறான். திறப்பதா, வேண்டாமா என்று சபையில் அவள் பேசுவதுதான் நாடகத்தின் உயிர்.

எங்கள் குழுவில் பெண் வேஷம் என்றால் சைக்கிள் கடைக்காரர்தான். இந்த முறை தலைவர் பிடிவாதமாக இருந்தார்.

"சொதந்திர நாட்டுக்கு ஆம்பள ராணியா? சிரிப்பாங்க. பொம்பளதான் போடணும்."

"எந்த வீட்டுப் பொம்பள வருவா?" என்று சைக்கிள் கடைக்காரர் கேட்டார். "ஒங்க வீட்டுலேருந்து அனுப்புறீங்களா?"

தெங்கேரா, செமாபோக் பக்கமெல்லாம் கேட்டுப் பார்த்தாயிற்று. ஒரு தகப்பனும் ஒத்துக்கொள்ளவில்லை. இது குழாயடி வரைக்கும் போய், அங்கிருந்து அக்காவின் காதுக்கும் போயிருக்கிறது. மறுநாள் மாலை நாங்கள் கூடுகிற தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக வந்து நின்றார். "நான் செய்கிறேன்" என்று மலாயில் சொன்னார்.

தலைவரால் சினிமாக்காரியை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, தமிழ் தெரியாதவரைச் சரி என்று சொல்லவும் முடியவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். முழு ஒத்திகையன்று ஓர் இடத்தில் தடுக்கினாலும் வேஷம் சைக்கிள் கடைக்காரருக்கு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் பார்த்து, ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக ஆனவன் நான். மலாயும் நன்றாக வரும். நாடகத்துக்கு வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலையும் என்னுடையதுதான். ஆகவே அவரைத் தயார் செய்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வெளியே வந்ததும், "ஏன் அக்கா இந்தச் சிரமம்?" என்று மலாயில் கேட்டேன்.

நடந்துகொண்டே சொன்னார். "எத்தனையோ ஊரில் ராணியாக நின்றிருக்கிறேன், தம்பி. கோயிலில் உங்கள் ஆட்கள் என்னை வேடிக்கை பார்க்க வந்தவளைப் போலப் பார்க்கிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு தடவை நிற்கவேண்டும். அவர்கள் மொழியிலேயே."

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போவேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பங்சாவானில் கதையைச் சொல்வார்கள். வசனம் அவரவர் வாயில் வருவது. படப்பிடிப்பில் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்துப் பேச வைப்பார்கள். இதுவோ பக்கம் பக்கமாகச் செந்தமிழ். முதலில் ஒவ்வொரு வரிக்கும் மலாயில் அர்த்தம் கேட்டுக்கொண்டார். அப்புறம், "இனி துண்டு துண்டாகச் சொல்லாதே. முதலிலிருந்து கடைசிவரை வாசி. நான் கேட்டுக்கொண்டே என் வேலையைப் பார்க்கிறேன்" என்றார்.

அவர் அம்மியில் சம்பல் அரைப்பார், தாயாருக்குக் கஞ்சி கொடுப்பார், துணி மடிப்பார். என் பக்கம் திரும்பவே மாட்டார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய குரலில் நான் வாசிப்பேன். சில நாளில் அவர் உதடு அசைய ஆரம்பித்தது. ஒரு மாலை புத்தகத்தை மூடு என்றார். சம்பலை வழித்துப் போட்டுக்கொண்டே சபைப் பேச்சை முழுதாகச் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை; இடையிடையே நின்றது சம்பலை வழிக்க என்று நினைத்தேன். அன்று வீட்டுக்கு ஓட்டமாகப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு தமிள் பேசுதா? எங்கிட்ட கொழாயில ஒரு வார்த்த பேசுனதில்லியே" என்றார் அம்மா.

முழு ஒத்திகை வந்தது. சைக்கிள் கடைக்காரர் அரசியின் பட்டுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா ஆரம்பித்தார். முதல் காட்சி ஒரே பக்கம்; தேன்போலப் போயிற்று. இரண்டாம் காட்சியில், "இந்தச் சிம்மா" என்று சொல்லி நின்றார். எல்லாரும் காத்திருந்தோம். நிதானமாக ஒரு மூச்சு விட்டு, "சனத்தில் அமர்ந்தவர்கள் யாரும் உறங்கியதில்லை" என்றார்.

"நிப்பாட்டு" என்றார் தலைவர். "ஏன் அங்க நின்னாங்க? கேளு, தம்பி."

கேட்டேன். அக்கா என்னைப் பார்த்து வியப்போடு சொன்னார்: "நீ நின்றாய். நானும் நின்றேன். தினமும் அந்த இடத்தில் நிற்பாயே. அரசிக்கு அங்கே மூச்சு முட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்."

கையிலிருந்த பிரதியைப் பார்த்தேன். "சிம்மா" வரைக்கும் ஒரு பக்கம். "சனத்தில்" அடுத்த பக்கம். நான் விரலை நாக்கில் நனைத்துத் தாளைத் திருப்புகிற நேரத்தை அவர் அப்படியே பாடம் செய்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும்.

சொன்னதும் மண்டபம் சிரித்தது. "கிராணி தாளத் திருப்புனா ராணி மூச்ச நிறுத்துறா" என்றார் சைக்கிள் கடைக்காரர். "நல்லவேள, இவன் கொட்டாவி விடல." தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. நாடகம் முழுக்க இப்படி ஓட்டை இருக்கும், இனி அடைக்க நாள் இல்லை, சேலையைக் கட்டுங்கள் என்று சைக்கிள் கடைக்காரருக்குக் கை காட்டிவிட்டார்.

"எல்லாவற்றையும் சொல்" என்றார் அக்கா. சொன்னேன், கொட்டாவி வரைக்கும். கொட்டாவிக்கு அவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தலைவரை உட்காரச் சொல். சபைப் பேச்சை இரண்டு தரம் பேசுகிறேன். அதற்கப்புறம் அவர் இஷ்டம்" என்றார்.

முதல் தரம் எங்கேயும் நிற்காமல் பேசினார். நான் வாசிக்கும்போது விழுந்த நிறுத்தங்களை எல்லாம் ஒரே மூச்சில் எடுத்தெறிந்துவிட்டார். தலைவர் தலையாட்டினார், சரிதான், குற்றம் இல்லை. இரண்டாம் தரம் அப்படியேதான் போய்க்கொண்டிருந்தது. "என் கோட்டைக் கதவைத் தட்டுகிறவன் எதிரியாக இருந்தாலும், எதிரியின் தூதனாக இருந்தாலும், என்..."

நின்றார். அங்கேயும் ஒரு பக்கம் முடிகிறது. ஆனால் இப்போது அவர் கை கதவு இருக்கவேண்டிய பக்கம் கொஞ்சம் நீண்டு, பாதியில் நின்றது.

"...மகனாகவே இருந்தாலும், விடியும்வரை வெளியே நிற்கட்டும்."

சைக்கிள் கடைக்காரர் எழுந்து போய்ச் சேலையை அவர் கையில் கொடுத்தார். "நான் கட்டுனா இது வெறும் துணிதான்" என்றார். தலைவர் என்னிடமிருந்து பிரதியை வாங்கி, காதில் செருகியிருந்த பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். வசனம் எழுதியவருக்கு அவருடைய வரியே புதிதாகக் கேட்டிருக்கவேண்டும்.

நாடகத்தன்று திடல் கொள்ளவில்லை. எங்கள் ஆட்கள் பாய் கொண்டுவந்து விரித்து முன்னாலேயே இடம் பிடித்திருந்தார்கள். செட்டிக் கம்பத்துக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். நான் பக்கத் திரைக்குப் பின்னால் பிரதியோடு உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சபைப் பேச்சு வந்தது. "என்..." என்று நின்றார். கை நீண்டது.

அந்த அமைதிக்குள்ளே, பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளையின் குரல் வந்தது. "வேணாந்தாயி, பெத்த புள்ள."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா அந்தக் குரல் வந்த பக்கம் மெதுவாகத் திரும்பினார். அவளுக்கே பதில் சொல்வதுபோல, "மகனாகவே இருந்தாலும்" என்றார். திடல் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. அப்புறம் கைதட்டல். நான் தட்டவில்லை. குரல் கொடுத்தது என் அம்மா. எனக்குக் கை வரவில்லை.

நாடகம் முடிந்து எல்லாரும் மேடைக்குப் பின்னால் கூடினோம். அக்கா தன் வேஷப் பெட்டிமேல் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தொட்டு மையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"ஏம்மா, தப்புப் பண்ணாத புள்ள ஒலகத்துல உண்டா? ரத்தம் ஒழுக வந்து நிக்கிறான். கதவத் தொறந்து உள்ள விட்டுட்டு நாலு அறை அறஞ்சா ஆகாதா? ராத்திரி பூரா பனியில நிறுத்தணுமா? நானா இருந்தா ராஜ்யமும் வேணாம் ஒன்னும் வேணாம்னு போயிருப்பேன்."

அக்காவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் திட்டுகிறவளின் கண் கலங்கியிருந்தது தெரிந்திருக்கும். எழுந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் காட்சியில் குடிமக்களுக்குச் சொல்கிற வசனத்தைச் சொன்னார். "உங்கள் அன்புக்கு இந்த அரண்மனை என்றும் நன்றி உடையது."

அம்மா என் பக்கம் திரும்பி, "எவ்ளோ மரியாதையா பேசுது பாரு. நீயுந்தான் படிச்சிருக்க" என்றார்.

அப்போதுதான் தலைவர் வந்தார். மாலை ஒன்று மிச்சமிருந்தது போலிருக்கிறது, அதைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். அக்காவிடம் கொடுக்கக் கூச்சப்பட்டு என்னிடம் கொடுத்தார்.

"தம்பி, தீவாளி நாடகத்துக்கும் அக்காதான்னு சொல்லு. இதவிட நல்லா அழுவுற மாதிரி ஒரு பாத்திரம் எழுதுறேன்."

மாலையைக் கொடுத்து மலாயில் சொன்னேன். அக்கா யோசிக்கவே இல்லை. "படங்களில் அழுதது போதும். ராஜா வேஷம் எழுதச் சொல். நான் போடுகிறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. தமிழில் சொன்னேன். சைக்கிள் கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "நல்லதாப் போச்சு. நான் ராணி, அக்கா ராஜா. எனக்கு வேலையும் போவல."

தலைவர் தாடையைச் சொறிந்துகொண்டார். "ராஜான்னா மீசை வேணுமே."

நான் மொழிபெயர்க்கத் திரும்பினேன். தேவைப்படவில்லை, மலாயிலும் அதற்கு மிசாய் என்றுதான் பெயர். அக்கா உட்கார்ந்திருந்த பெட்டியைத் தட்டிக் காட்டி, "மீசை இருக்கு" என்றார். நான் சொல்லிக்கொடுக்காமல் அவர் பேசிய தமிழ் அதுதான்.

"அப்ப சரி" என்றார் தலைவர். அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொதக் காட்சியில ராஜா வேட்டைக்குப் போறான்" என்று ஆரம்பித்தார். பாதி மை துடைத்த முகத்தோடு அக்கா கேட்க, நான் வரி வரியாக மலாயில் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று என்னைக் கூப்பிடவில்லை. கீழே உட்கார்ந்து, ராஜாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.