கிராதி வீட்டுத் தேநீர்ச் சோறு

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதை நான் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. எழுதத்தான் செய்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

என் பெயர் ஷிஹோ. கியோட்டோவில் பிறந்து வளர்ந்தவள். பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டுவதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு நிஷிஜின் பக்கத்துச் சந்துகளில் இரண்டு மணி நேரம் நடப்பேன். என் கழுத்தில் சின்ன மைக். வருகிறவர்கள் காதில் இயர்போன். உண்மையில் எனக்கு மைக்கே தேவையில்லை. குரல் அப்படி. "அந்தக் குரலைக் கேட்கவே மறுபடி வந்தோம்" என்று இரண்டாம் தடவை பணம் கட்டி வந்தவர்கள் உண்டு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, நிலபுலன் இல்லை. சொத்து என்று எனக்கு இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

அந்தச் சந்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். யாராவது போய் நிற்பீர்கள். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு டோஃபு கடை. அதற்கு எதிரே வாசல் முழுக்க மரக்கிராதி போட்ட ஒரு பழைய வீடு. சந்து முடிகிற இடத்தில் ஒரு வீட்டை இடித்துவிட்டு, புதிய கட்டடத்துக்காகப் பெரிய பள்ளம் தோண்டியிருந்தார்கள். இரண்டு ஆள் ஆழம். அடியில் கம்பிகள் நட்டமாக நிற்கும். தடுப்புக்கு ஒரு பிளாஸ்டிக் வலை, அதுவும் பாதி சரிந்து கிடக்கும். ஒவ்வொரு ஞாயிறும் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்று நான் எச்சரிப்பேன்.

கிராதி வீட்டு வாசலில் நின்றுதான் என் பெரிய நகைச்சுவையை அவிழ்த்துவிடுவேன். எங்கள் ஊர்க்காரர்கள் யாரையும் "போ" என்று சொல்ல மாட்டார்கள். சிரித்த முகத்தோடு "ஒரு வாய் தேநீர்ச் சோறு சாப்பிட்டுப் போங்களேன்" என்பார்கள். சோற்றில் தேநீரை ஊற்றித் தருவது. அப்படிச் சொன்னால் எழுந்து கிளம்ப வேண்டும். சரி என்று உட்கார்ந்துவிட்டால், அன்றோடு உறவு முடிந்தது. உள்ளே சோறே இருக்காது!

எல்லோரும் சிரிப்பார்கள். அக்டோபர் முதல் ஞாயிறு அப்படிச் சிரித்து முடித்தபோது, கிராதிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"என்ன குரல்ம்மாஆ உங்களுக்கு! தெருக்கோடி வரைக்கும் கேக்குதேஏ. கொடுத்து வெச்சவங்க நீங்க."

கடைசி எழுத்தை இழுத்து இழுத்துப் பேசும் குரல். எனக்குச் சுருக்கென்றது. சத்தம் போடாதே என்று எங்கள் ஊரில் இப்படித்தான் திட்டுவார்கள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

"உங்க வாசலுந்தான் எவ்வளவு சுத்தம்!" என்றேன். "வேற வேலை வெட்டி இல்லாதவங்களுக்குத்தான் இப்படி அமையும்."

ஜெயித்துவிட்டேன் என்று நடந்தேன்.

அடுத்த ஞாயிறு, "அதே கதையாஆ? எத்தனை தடவை கேட்டாலும் அலுக்கலைம்மாஆ" என்றாள். அதற்கும் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது ஞாயிறும் அப்படியே. ஒரு வாரம்கூட அவள் என் குரலைப் பாராட்டாமல் விடவில்லை. அந்த வீட்டு வாசலில் எப்போதும் புதிதாகத் தண்ணீர் தெளித்திருக்கும். ஆனால் பெயர்ப்பலகை இல்லை. தபால் போடும் துளையை டேப் ஒட்டி மூடியிருந்தார்கள், அந்த டேப்பே மஞ்சளாகிப் போயிருந்தது. இதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. கோபம் கண்ணை மறைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிறு சாயங்காலமானால் தொண்டை கம்மத் தொடங்கியது. வாரா வாரம் கொஞ்சம் அதிகமாக. அவளோ வாரா வாரம் இழுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தாள்...

நவம்பர் மூன்றாவது ஞாயிறு. என்னோடு ஒன்பது பேர். அதில் ஒருவர் ஒசாகாவிலிருந்து வந்த ஹபுகா ஐயா. எழுபத்தெட்டு வயது, கையில் தடி, முன்பு மீன் சந்தையில் ஏலம் கூவியவர். அவர் குரலுக்கு முன்னால் என் குரல் எம்மாத்திரம்? வழியெல்லாம் என்னைச் சீண்டிக்கொண்டே வந்தார்.

"ஏம்மா ஷிஹோ, உங்க ஊர்ல வயிறு பசிச்சா எதைச் சொல்லிக் கேப்பீங்க? 'எனக்குப் பசிக்கலை'ன்னா?"

"பசிக்கிறவங்க ஒசாகாவுக்குப் போயிடுவாங்க ஐயா. அங்கதான் கூச்சமே இல்லாம சாப்பிடலாம்."

சந்தே அதிரச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

மணி 10:38. கிராதி வீட்டு வாசல். கதையை ஆரம்பித்தேன். பாதியில் ஹபுகா ஐயா இயர்போனைக் கழற்றினார்.

"இது சரியில்லைம்மா. நீ சொல்றதுக்கு முன்னாடியே இதுல கேக்குது. காதும் அரிக்குது."

பொருட்படுத்தாமல் முடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். கிராதிக்குப் பின்னாலும் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தக் குரல்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு வாசலோட போறதா? ஒரு வாய் தேநீர்ச் சோறு சாப்பிட்டுப் போங்களேன்."

இழுப்பே இல்லை.

ஒன்பது பேர் என்னையே பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால், என் கதையை வைத்தே என்னை விரட்டுகிறாள். ஆறு வாரக் கோபம் தலைக்கு ஏறியது. எங்கள் ஊரில் பிறந்த யாரும் செய்யாத காரியத்தைச் செய்தேன்.

"ரொம்ப நன்றி. சாப்பிடறேன்," என்றேன்.

"...வாங்க."

"ரெண்டே நிமிஷம், இங்கேயே நில்லுங்க" என்று எல்லோரிடமும் சொன்னேன். மைக்கை அணைத்தேன். பச்சை விளக்கு போனதைப் பார்த்தேன். மணி 10:42. கதவைத் தள்ளினேன். தாழ் போடவில்லை. சத்தமே இல்லாமல் திறந்தது.

உள்ளே நீளமான மண் தரை. இருட்டு. பனிக்காலம் இன்னும் வரவில்லை, ஆனால் மூச்சு வெள்ளையாக வந்தது. படியின்மேல் ஒரு தட்டு. மூடிய கிண்ணம். ஒரு ஜோடி குச்சி. ஆள் யாரும் இல்லை.

"சாப்பிடுங்க..."

குரல் உள்ளறையிலிருந்து வந்தது. மிகவும் தாழ்ந்த இடத்திலிருந்து. தரையோடு தரையாக...

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை. மூடியைத் திறந்தேன். சூடு பறந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தேன்.

வாயில் பனிக்கட்டி.

விழுங்கிவிட்டேன். அது தொண்டையில் இறங்கி... நின்றது.

"போதும்," என்றது உள்ளறை. "ரொம்ப நன்றி."

என் குரலில்.

குச்சியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். 10:45.

வாசலில் யாருமே இல்லை.

இல்லை... ஒருவர் இருந்தார். ஹபுகா ஐயா டோஃபு கடையின் கல்லில் உட்கார்ந்து காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மற்ற எட்டுப் பேரும் சந்தின் கோடியில். வரிசையாக. போட்டோவுக்கு நிற்பதுபோல. முகம் என் பக்கம். முதுகு பள்ளத்தின் பக்கம்.

எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் ஓர் அடி பின்னால் வைத்தார்கள்.

சிரித்துக்கொண்டே.

என் பையில் உபரி இயர்போன் ஒன்று எப்போதும் இருக்கும். அதைக் காதில் வைத்தேன்.

"நான் வந்துக்கிட்டே இருக்கேன்... கொஞ்சம் பின்னாடி போங்க... இன்னும் கொஞ்சம்... நல்லா சிரிங்க..."

என் மைக் அணைந்திருந்தது. பச்சை விளக்கு இல்லை.

"நில்லுங்க!" என்று கத்தினேன்.

காற்றுதான் வந்தது.

மறுபடி கத்தினேன்.

காற்று.

அவர்கள் இன்னும் ஓர் அடி வைத்தார்கள். வலை காலில் மிதிபட்டது.

ஹபுகா ஐயாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். கையை நீட்டினேன். அவர் என் வாயைப் பார்த்தார். நான் காட்டிய பக்கம் திரும்பினார்.

"டேய்! நில்லுங்கடா அங்கயே! ஒருத்தனும் அசையாதே!"

மீன் சந்தைக் குரல். சந்தே குலுங்கியது. எட்டுப் பேரும் தூக்கத்தில் தட்டியதுபோல் விழித்தார்கள். கடைசியில் நின்ற ஓர் அம்மாவின் குதிகால் அந்தரத்தில் இருந்தது. பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மாவின் ஒரு செருப்பு பள்ளத்தில் விழுந்தது. அது கம்பியில் மோதிய சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது.

ஹபுகா ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. நான் அவர் காலில் விழாத குறையாக நின்றேன். அப்போது எங்கள் பின்னால், கிராதிக்குள்ளிருந்து...

"என்ன குரல் ஐயா உங்களுக்கு! தெருக்கோடி வரைக்கும் கேக்குதே. கொடுத்து வெச்சவங்க நீங்க."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

"பொழப்பே அதுதானேம்மா," என்றார்.

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். கையை ஆட்டினேன். அவருக்குப் புரியவில்லை. குரல் போய்விட்டது என்று துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டித்தான் அன்று எல்லோரையும் அனுப்பினேன்.

மூன்று ஆஸ்பத்திரிகளில் பார்த்தேன். குரல்வளையில் ஒரு கோளாறும் இல்லை என்று மூன்றிலும் சொல்லிவிட்டார்கள். வேலை போயிற்று. டிசம்பரில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு டோஃபு கடைக்காரியிடம் போனேன். எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக் காட்டினேன்.

"அங்க யாரும் இல்லியே. நான் கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்தே முப்பத்திரண்டு வருஷம். பூட்டித்தான் கெடக்கு."

வாசலில் தண்ணீர் தெளிப்பது யார், உள்ளிருந்து கேட்ட பெண் குரல் யாருடையது என்று எழுதினேன். குரல் எப்படி இருந்தது என்று மட்டும் அவள் கேட்டாள். எழுதிக் காட்டினேன்... கடைசி எழுத்தை இழுத்து இழுத்து... அவள் முகம் வெளுத்தது.

"அது ஓசுயேங்கற பூக்காரியோட குரலாச்சே! தலையில கூடை வெச்சு 'பூவேஏஏ'ன்னு கூவிக்கிட்டு வருவா. நான் வந்த புதுசுல ஒரு நாள், பூட்டிக் கெடந்த அந்த வீட்டிலேர்ந்து யாரோ சாப்பிடக் கூப்பிட்டாங்கன்னு உள்ள போனாளாம். அதுக்கப்புறம் செத்துப்போற வரைக்கும் மணி அடிச்சுக்கிட்டுத்தான் வந்தா. ஒரு வார்த்தை பேசலை."

புத்தாண்டு வந்தது. வாழ்த்து அட்டைகளும் வந்தன. ஜனவரி ஏழாம் தேதி, எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஹபுகா ஐயாவின் அட்டை வந்தது. தூரிகையால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். அப்படியே தருகிறேன்.

"ஷிஹோவுக்கு வாழ்த்து. முப்பதாம் தேதி நீ போன் பண்ணினதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? குரல் பழையபடி கணீர்னு வந்துடுச்சே! நீ சொன்ன மாதிரியே ஆறாம் தேதி காலை பத்தரைக்கு அந்தச் சந்துக்கு வர்றேன். கூப்பிட்டா மறுக்காம சாப்பிடறவன் நான், ஒசாகாக்காரன்! சோறு நிஜமாவே இருக்கணும், சொல்லிட்டேன்."

ஆறாம் தேதி என்பது நேற்று. அட்டையில் அவர் வீட்டுத் தொலைபேசி எண் இருந்தது. பேச முடியாது என்று தெரிந்தும் எண்களை அழுத்தினேன். மணி காலை 9:12.

நாலாவது மணியில் எடுத்தார்கள்.

மூச்சு கேட்டது. கிழவரின் கனமான மூச்சு. தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

நான் எதுவும் சொல்லவில்லை. என்னால் முடியாது.

அந்தப் பக்கத்திலும்... நாற்பது நொடி... ஒரு வார்த்தை வரவில்லை.