பாதியில் நின்ற ஆல்பம்

அன்று வில்லாபுரம் போட்டோ ஸ்டுடியோவில் இருந்தது மூன்று பேர்: முதலாளி, ஆல்பம் வடிவமைக்கும் பெண், கூப்பிட்டால் வந்து கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொடுக்கும் நான். அங்கே சேமிக்கும் படங்கள் துண்டு துண்டாகப் பிரிந்து லினக்ஸில் ஓடும் மூன்று கம்ப்யூட்டர்களில் போய் உட்காரும். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் அமைத்தது என்பதால், என்றைக்காவது மொத்தமும் போய்விடும் என்று எனக்கே பயம்.

சாயங்காலம் கொடுக்க வேண்டிய கல்யாண ஆல்பத்தை அந்தப் பெண் சேமித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நாற்காலிச் சக்கரம் அந்த மூன்று கம்ப்யூட்டர்களுக்குப் போகும் நெட்வொர்க் கேபிள் மேல் ஏறி அதை நசுக்கியது. திரை அப்படியே உறைந்தது.

"கல்யாணம் பாதியிலயே நின்னுருச்சுண்ணே" என்றபடி பவர் பட்டனுக்குக் கையை நீட்டினாள்.

"தொடாதம்மா!" என்று கத்திவிட்டேன். "கம்ப்யூட்டரை ஓட்டுற கெர்னலுக்குள்ள, கேபிள் வழியா தகவல் அனுப்புற நெட்வொர்க் அடுக்குன்னு ஒண்ணு இருக்கு. பதில் வரலைன்னா அது வேலையைக் கைவிடாது, திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். இப்ப அணைச்சா காலைல இருந்து செஞ்சதெல்லாம் போயிரும்."

"எம்புட்டு நேரம் பார்க்கும் மாப்ள?" என்றார் முதலாளி.

அது எனக்கும் உறுதியாகத் தெரியாது. "வேற கேபிள் போடுற வரைக்கும்ணே" என்று சொல்லி, பையிலிருந்த கேபிளை மாட்டிவிட்டுத் திரையையே பார்த்தபடி நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, விட்ட இடத்திலிருந்து சேமிப்பு நகர்ந்தது. ஒரு பக்கம்கூடக் குறையவில்லை.

"ஆல்பத்தை விட நீதான்யா உறைஞ்சு நின்ன" என்று சிரித்த முதலாளி டீ சொன்னார். சாயங்காலம் கல்யாணப் பெண்ணின் வீட்டார் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த நிம்மதியில் நான் காசு கேட்கவே இல்லை. கேபிளுக்கும் கூலிக்குமாக முதலாளி தர வேண்டியது இன்னும் எண்ணூறு ரூபாய் பாக்கி.