நான் நடித்தால் அது நடிப்பில்லையாம்

இன்று கல்முனையில் நாடக ஒத்திகை. அமெரிக்கப் பொலிஸ் சுட்டுக் கொன்ற கறுப்பின இளைஞனின் தாயாக நான் நடிக்க இருந்தேன். வசனமெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால், அந்த வேடத்தில் எங்கள் குழுவின் ஹஸ்னா. நல்ல வெள்ளை நிறம். முகமெல்லாம் கறுப்பு மை.

“ஏன் சேர்?” என்று நெறியாளரிடம் கேட்டேன்.

“தங்கச்சி, நீங்க செய்தா அது உங்கட நிறம். அவ செய்தாத்தான் நடிப்பு.”

“அப்ப நாடகத்தில வாற வெள்ளைக்காரியின்ட வேசத்த எனக்குத் தாங்க. நடிச்சுக் காட்டுறன்.”

“சே, அது மேடைக்கு எடுபடாது.”

ஹஸ்னா எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். “எனக்கும் வேணாம் சேர்” என்றாள். இருவரும் ஒரே ஓட்டோவில் வீடு வந்துவிட்டோம்.

நிறவெறிக்கு எதிரான அந்த மகத்தான நாடகத்துக்கு இப்போது தாய் இல்லை. உங்களில் வெள்ளையாக யாராவது இருந்தால் கீழே கொமென்ட்டில் சொல்லுங்கள். மை நெறியாளரே தருவார்.