நாற்பது பேருக்கு ஒருவர்

கோட்டுச்சேரியில் ஃப்ளோரானைத் தெரியாதவர் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். ஆப்பிரிக்கப் பாலைவனத்துச் சண்டையில் பிடிபட்டார். அவரை மீட்பதற்காகச் சிறையிலிருந்து எதிரியின் ஆட்கள் நாற்பது பேரைத் திறந்துவிட்டார்கள்.

பாரிஸில் விமானம் இறங்கியதும் மந்திரியே வந்து கட்டிப்பிடித்தார். அந்த ஒரு போட்டோவில் அவர் கட்சி தேர்தலில் கரையேறிவிட்டது. மறு வருஷம் அந்த நாற்பதில் ஒருவன் சந்தையில் குண்டு வைத்தான். உடனே எதிர்க்கட்சிக்கும் ஒரு போட்டோ கிடைத்தது. ஒருவனுக்கு நாற்பதா என்று கத்தித் தீர்த்தார்கள். செத்தவர்களின் பெயரை மட்டும் இரண்டு கட்சியும் கேட்கவில்லை. என்ன ஜென்மங்களோ!

டிவியில் குண்டு வைத்தவன் முகத்தைப் பார்த்ததும் ஃப்ளோரானுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கைதிகளை மாற்றிய அன்று வெட்டவெளியில் இருவரும் எதிரெதிரே நடந்து வந்தார்கள். இவர் வெறுங்காலோடு தடுமாறுவதைப் பார்த்துத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவன் அவன். அந்தச் செருப்பில்தான் ஃப்ளோரான் விமானம் ஏறினார்.

இப்போது ஓய்வூதியத்தோடு ஊரில் இருக்கிறார். செருப்பே போடுவதில்லை. மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார் என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் நேர்ந்துகொண்டது மனைவி ஆமெலி. அவர் திரும்பி வந்த நாளில் வருஷாவருஷம் நன்றிப் பூசையும் ஊருக்குச் சாப்பாடும். அந்தப் பூசையில் உட்கார்ந்திருப்பதுதான் ஃப்ளோரானுக்கு நரகம். சந்தைப் பிணங்களுக்கும் சேர்த்து நன்றி சொல்வதுபோல இருக்கும்.

இந்த வருஷம், பூசைக்குப் பெயர் எழுதும் கோயில்பிள்ளை மரியசூசையிடம் போனார்.

“பூசையில இறந்தவங்களுக்கு வேண்டிக்கிற கருத்துலயும் ஒரு பேரு வாசிக்கணும்.”

“சொல்லுங்க, யாரு பேருங்க?”

செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட அவருக்குத் தெரியாது. “ஃப்ளோரான்,” என்றார்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊர். தாத்தாவுக்குத்தான் என்று மரியசூசை எழுதிக்கொண்டார்.

பூசையில் வாசித்தார்கள். “உயிரோடு மீண்டு வந்த ஃப்ளோரானுக்காக நன்றியாக.” அடுத்து, “இறந்த ஃப்ளோரானின் ஆன்மா இளைப்பாற.”

ஆமெலி திரும்பினாள். “உங்க தாத்தா பேரு எத்மோன் இல்ல?”

“அது நான்தான். அந்தச் சந்தையில செத்தவங்களுக்கு வேற என்ன பேரச் சொல்ல?”

“நான் உங்க உசுர மட்டுந்தாங்க மாதாகிட்ட கேட்டேன்.”

“தெரியும்.”

பூசை முடிந்தது. வெளியே பந்தலில் சோற்றில் ஆவி பறந்தது. ஆமெலி கோயில் வாசலில் விட்டிருந்த தன் செருப்பை எடுக்கவில்லை. சுடுமணலில் அவரோடு நடந்தாள்.