மாய்வோரின் சுத்தமான ரத்தம்

ஓலாந்துத் தீவுகளில் உண்ணி கடிக்காத ஒரே பிறவி மாய்வோர் என்ற ஆய்வக உதவியாளர்தான். இதை அவளேதான் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். வயது அறுபத்தொன்று. ஆய்வகத்தில் அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் கிடையாது.

உண்ணி கடித்த இடம் வட்டமாகச் சிவந்து வரும் லைம் நோய்க்கு டாக்டர் ஹென்னிங் புதிய ரத்தப் பரிசோதனை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கிருமியின் புரதம் ஒன்றைத் தட்டின் குழிகளில் பூசுவார்கள். கிருமி எப்போதாவது புகுந்த உடம்பின் ரத்தம் அதை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும், குழி மஞ்சளாகும். கிருமி தொடாத ரத்தத்தில் நிறம் வரக் கூடாது. அப்படிப்பட்ட ரத்தத்துக்கு அந்தத் தீவில் எங்கே போவது? மாய்வோர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

அவள் ரத்தம் விட்ட குழி மஞ்சளானால் புரதம் உதவாது என்று அர்த்தம். இப்படியே ஐந்து புரதங்கள் குப்பைக்குப் போயின. ஆறாவதை எட்டு மாதம் பாடுபட்டு அவளே பிரித்தெடுத்திருந்தாள். பெற்ற பிள்ளை மாதிரி அதன்மேல் ஒரு பாசம். வெள்ளிக்கிழமை தட்டைப் பார்த்தால், அவளுடைய குழி முட்டையின் மஞ்சள் கரு மாதிரி பளீரென்று இருந்தது.

"திங்கக்கிழமை இதையும் மூட்டை கட்டிடலாம், மாய்வோர்," என்றார் டாக்டர்.

சனிக்கிழமை சானா என்னும் நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்து அவள் ஓவென்று அழுதாள். கணவன் போர்யே பிர்ச் மர இலைக் கொத்தால் அவள் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான். கை நின்றது.

"உன் ரத்தம் சுத்தம்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்!"

"முதுகு தேய்க்கிற சாக்குல எத்தனை உண்ணியப் பிடுங்கிப் போட்டிருக்கேன் தெரியுமா? ஒரு வருஷம் தோளுக்குக் கீழ வட்டமா செவந்தே போச்சு. கொசுக்கடின்னு என்னைப் பிடிச்சு வெரட்டின. அதோட நான் பேசறதில்ல."

"அட பாவி மனுஷா! இத்தனை வருஷமா வாய்க்குப் பூட்டா போட்டிருந்த?"

"சாவி உன்கிட்டல்ல இருந்துச்சு."

ஞாயிறு முழுக்க அவள் யோசித்தாள். டாக்டரிடம் சொல்லாமல் இருந்துவிட்டால் பெருமை தப்பும், புரதம் போகும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

திங்கட்கிழமை கோட்டைக்கூடக் கழற்றாமல் டாக்டர் முன்னால் போய் நின்றாள். "புரதத்துல ஒரு கொறையும் இல்ல டாக்டர். கொறை என் ரத்தத்துலதான்."

உண்ணியே இல்லாத வட லாப்லாந்திலிருந்து பத்துப் பேர் ரத்தம் வரவழைத்தார்கள். பத்துக் குழியிலும் துளி மஞ்சள் இல்லை. நோயாளிகளின் குழிகள் எல்லாம் மஞ்சள். டாக்டர் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனார். பாதியில் நின்று கண்ணாடியைக் கழற்றினார்.

"மாய்வோர், அப்ப நாம தூக்கிப் போட்ட அந்த அஞ்சு?"

அவள் முகம் வெளுத்தது. விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டாள்.

"ஒண்ணுக்கு எட்டு மாசம்னா அஞ்சுக்கும் நாப்பது மாசம். நான் ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கு," என்று கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நகருங்க, வழியில நிக்காதீங்க."